செவலையின் கண்ணுக்காகக் கேட்ட ஜெபம்

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம், என் நாயின் இடக்கண் வெளியே தள்ளத் தொடங்கியது.

நாய் என்று எழுதும்போதே கை கூசுகிறது. சபையில் மற்றவர்கள் பிள்ளையின் காய்ச்சலையும் புருஷனின் குடியையும் குறித்துச் சாட்சி சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு நாயின் கண். எழுந்து நின்று சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். வாசிக்கும்போது சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். நான் அதற்குப் பழகிவிட்டேன்.

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. லேஸ் பின்னிப் பிழைக்கிறேன். வீடு தென்னந்தோப்பின் கடைசியில், குளத்தை ஒட்டி. அந்த வீட்டில் என்னோடு இருந்தது செவலை மட்டும். சிவந்த நிறம், அதனால் அந்தப் பெயர். நாலு பேர் நடுவில் வாய் திறக்க முடியாத நான், அதனிடம் மட்டும் காலையிலிருந்து பேசிக்கொண்டிருப்பேன். சோறு குழைந்துபோனதைச் சொல்வேன். நூல் அறுந்ததைச் சொல்வேன். அது காதைத் தூக்கிக் கேட்கும்.

முதலில் பூனை பிறாண்டியிருக்கும் என்று நினைத்தேன். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டேன். விளக்கெண்ணெய் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கண் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. மூக்கின் ஓரத்திலிருந்து சிவந்த தோல் ஒன்று ஏறிப் பாதிக் கண்ணை மறைத்தது. தூங்கும்போதும் இமை மூடவில்லை. கருமணி காய்ந்து மங்கியது. ஆனால் அது தின்றது, தண்ணீர் குடித்தது, எலும்பைக் கடித்தது, என்னைக் கண்டால் வாலை ஆட்டியது. கண் மட்டும் வேறு யாரையோ பார்ப்பதுபோல ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது.

அடுத்த தோப்பில் இருப்பவர் பொன்னையா அண்ணன். காளை வண்டி வைத்திருப்பவர், நம்முடைய சபைக்காரர். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டார்.

"ஞானம், ஒனக்க பட்டிக்க கண்ணப் பாத்தியா? வெளிய சாடி நிக்குது. பேப்பட்டிதான் அது."

"இல்ல அண்ணே, சோறு திங்குது."

"இண்ணைக்கு சோறு திங்கும், நாளைக்கு ஆளத் திங்கும். எனக்க வீட்டுல கொச்சுப்பிள்ளைக கெடக்கு. வெளிய கண்டேண்ணா ஒரே அடிதான், கேட்டியா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேப்பட்டி என்றால் வெறிநாய்; புதுக்கடைப் பக்கம் அப்படி ஒன்று கடித்து ஒரு பிள்ளை இறந்தது என்று அப்போதுதான் பேசிக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் பயம் இருந்தது. நான் செவலையை அடுக்களைக்குள் கட்டிப்போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது அடிபட்டுச் சாகப்போகிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்றே நினைத்தேன். உதவி கேட்க எனக்கு ஒருவரும் இல்லை.

அந்த வாரம் எங்கள் பெண்கள் சங்கத்து அன்னப்பழம் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். அந்த நாளில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. சபையை நடத்தும் உபதேசியார் ஒவ்வொருவரையும் எழுப்பி வேண்டுதலைக் கேட்பார். வாயால் சொல்ல முடியாதவர்கள் நோவுள்ள இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றால் போதும். கர்ப்பப்பை நோவுள்ள பெண்களும், நெஞ்சில் துக்கமுள்ளவர்களும் அப்படித்தான் நிற்பார்கள். யாரும் விவரம் கேட்க மாட்டார்கள். அது நல்ல வழக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

என் முறை வந்தது. எழுந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். எதிரில் பொன்னையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. என்னை அறியாமல் இடக்கையை இடக்கண்ணின்மேல் வைத்தேன்.

"ஆண்டவரே," என்று உபதேசியார் உடனே ஜெபிக்கத் தொடங்கினார், "இந்தச் சகோதரி தன் கண்ணைக் கொண்டல்லோ பிழைக்கிறாள்..."

லேஸ் பின்னுகிறவள் கண்ணில் கை வைத்தால் வேறு என்ன நினைப்பார்கள்? எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். பொன்னையா அண்ணனும் நின்றார். "ஆமென்" என்று சொன்னபோது அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு நூலும் வேலையும் தருகிற லேஸ் டீச்சரம்மா மறுநாளே வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று பேசினார். "கண்ணு சொகமாகாம நூலத் தொடப்பிடாது, ஞானம்" என்று சொல்லி, நான் வைத்துப் பின்னுகிற லேஸ் தலையணையையும் நூல் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு போனார். அன்பினால் செய்தார். ஆனால் என் பிழைப்பு போயிற்று.

அதற்கடுத்த நாள் அன்னப்பழம் அக்கா வந்தார். ஒரு சிரட்டையில் முலைப்பால் கொண்டுவந்திருந்தார். அவருடைய மருமகள் பிள்ளை பெற்றுச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"படுட்டி இஞ்ச. தலையக் காட்டு."

"வேண்டாம் அக்கா."

"என்ன வேண்டாம்? வெக்கப்பட்டு வெக்கப்பட்டே குருடாப் போவே. படு!"

படுத்தேன். என் நல்ல கண்ணில் பாலை விட்டார். அடுக்களைக்குள் செவலை முனகியது.

"என்ன சத்தம்?"

"நாயி, அக்கா."

"அதுக்கு என்ன கேடு? ஆளப் பாத்தா கொலைக்காம மொனங்குது," என்று சொல்லிக்கொண்டே அக்கா ஒரு ஓலைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அதில் அரிசி இருந்தது.

பிடி அரிசி. நம்முடைய பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் எடுத்துவைப்பார்களே, அந்த அரிசி. சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி, அந்த முறை சேர்ந்ததை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். "நீ வேலையில்லாம இருக்கியேண்ணு எல்லாரும் சேந்து தந்தது. ஏசுவடியாளும் போட்டிருக்கா," என்றார் அக்கா. ஏசுவடியாள் வீட்டில் அந்த நாட்களில் சோற்றுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்குதான் அதிகம் என்று ஊருக்கே தெரியும். அரிசி பொங்குகிற நாளில் அவளும் ஒரு பிடி எடுத்திருக்கிறாள்.

அக்கா போனபின் அந்த அரிசியில் கஞ்சி வைத்தேன். வீட்டில் வேறு அரிசி இல்லை. நான் குடித்தேன். செவலைக்கும் ஊற்றினேன். அது தின்னும் சத்தத்தைக் கேட்க முடியாமல் முற்றத்துக்குப் போய் நின்றேன். இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். பொன்னையா அண்ணன் தன் வண்டியில் என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போவதாக ஒத்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

அன்று முழுவதும் ஜெபித்தேன். "கர்த்தாவே, எனக்கு வழி தெரியவில்லை. ஒரு நாய்க்காக உம்மிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்" என்றேன். நாகர்கோவிலில் சர்க்கார் மாட்டாஸ்பத்திரி உண்டு, அங்கே நாயையும் பார்ப்பார்கள் என்று எப்போதோ கேட்டிருந்தேன். வேறு எந்த யோசனையும் எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டி வாசலில் வந்து நின்றது. செவலையின் வாயைத் துணி நாடாவால் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பொன்னையா அண்ணன் வண்டியிலிருந்து குதித்து, சாட்டைக் கம்பைத் திருப்பிப் பிடித்தார்.

"ஏட்டி, இது என்னது?"

"அண்ணே, கண்ணு எனக்கில்ல." செவலையைக் கையால் காட்டினேன். "இதுக்குத்தான்."

அவர் நாயைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார்.

"அப்போ நான் முட்டுகுத்தி ஜெபிச்சது?"

நான் கயிற்றை இழுத்துச் செவலையை என் பக்கம் சேர்த்துப் பிடித்தேன்.

"பெரிய சத்தமா வேற ஆமென் சொன்னேனே! எனக்க ஜெபத்த ஆண்டவரு ஒரு பட்டிக்க பேரிலயா எழுதி வச்சிருப்பாரு?"

சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "செரி, ஏறு. ஆனா ஒண்ணு. டாக்டரு பேப்பட்டிண்ணு ஒரு வாக்கு சொன்னா, அதை அங்ஙனயே முடிச்சிட்டுத்தான் வரணும். சம்மதமா?"

"சம்மதம் அண்ணே."

வழியில் வில்லுக்குறியில் காளைக்குத் தண்ணீர் காட்ட நின்றபோது, செவலைக்கும் ஒரு சிரட்டைத் தண்ணீரை அவர் தள்ளி வைப்பதைப் பார்த்தேன். வெறியுள்ள நாய் குடிக்குமா என்று சோதித்தார்போலும். வாய்க்கட்டை நான் அவிழ்த்ததும் அது முழுவதையும் குடித்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் மலையாளி. இளவயதுக்காரர். செவலையைப் பெஞ்சில் ஏற்றச் சொன்னார். நான் பிடித்தேன், அது திமிறியது. "மாறி நில்லு," என்று பொன்னையா அண்ணன் வந்து, காளையைப் பிடிக்கிறமாதிரி கழுத்தையும் தோளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

டாக்டர் முதலில் வாயைத் திறந்தார். அகலமாகத் திறந்தார். செவலை கத்தவில்லை. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரலால் அழுத்திப் பார்த்தார். அப்போதும் கத்தவில்லை.

"கண்ணின் பின்னால் சலம், அதுதான் சீழ், வச்சிருந்தால் வாய் திறக்கச் சம்மதிக்காது," என்றார். "தாடையெலும்பு அங்கே போய் இடிக்கும். வேதனையில் அலறும். ரெண்டு மூணு நாளில் வீங்கி, காய்ச்சலும் வரும். இது எத்தனை நாளாய்?"

"ரெண்டு மாசம் இருக்கும்," என்றேன்.

பிறகு அவர் இரண்டு கண்ணையும் இமைக்கு மேலாகக் கட்டைவிரல்களால் மெல்ல உள்ளே அழுத்தினார். வலக்கண் அமுங்கியது. இடக்கண் அமுங்கவில்லை. என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். பின்னால் ஏதோ கல் இருப்பதுபோல இருந்தது. தாடைக்கு அடியிலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். மூக்கில் இரண்டு பக்கமும் மூச்சு வருகிறதா என்று பார்த்தார்.

"இது முழை. உள்ளே ஒரு கட்டி வளருது. அதுதான் கண்ணைத் தள்ளி ஒரு பக்கமாகத் திருப்பியிருக்கு. வேறெங்கும் பரவினதுபோலத் தெரியவில்லை."

"பேப்பட்டியா சாரே?" என்று பொன்னையா அண்ணன் கேட்டார்.

டாக்டர் சிரித்தார். "பேப்பட்டியைத்தான் இப்படிக் கட்டிப்பிடிச்சிருக்கிறீரா?"

அண்ணன் குனிந்து தன் கையைப் பார்த்தார். ஆனால் விடவில்லை.

கட்டியை எடுத்தால் கண்ணும் சேர்ந்து போகும், கண்ணை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க வழியில்லை என்றார் டாக்டர். எடுக்காவிட்டால் அது தலைக்குள் போகும். மயக்க மருந்து கொடுக்க வேண்டும். நாய்க்குக் குளோரோபாரம் ஆபத்து, சிலது எழுந்திருக்காது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நான் கண் சுகமாக வேண்டும் என்றல்லவா கேட்டிருந்தேன். கண்ணே போகும் என்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் எடுக்கச் சொன்னேன். வண்டியில் வாந்தி எடுக்கும் என்று காலையில் அதற்கு ஒன்றும் கொடுக்காமல் வந்திருந்தேன். "அது நன்றாய், மயக்கத்துக்கு வெறும் வயிறுதான் வேணும்" என்று டாக்டர் அன்றைக்கே செய்யச் சம்மதித்தார்.

பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அண்ணனை உள்ளே நிறுத்தினார். என்னை வெளியே அனுப்பினார். வராந்தாவில் மாடுகளோடு வந்தவர்கள் இருந்தார்கள். நான் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "செவலை, செவலை" என்று அதன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று உள்ளே டாக்டரின் குரல் உயர்ந்தது. "சுவாசம் நின்னுபோச்சு! நாக்கை வலிச்சுப் பிடியும்! வெளியே இழுத்துப் பிடியும்!"

அப்போது இன்னொரு குரல் கேட்டது.

"ஆண்டவரே! ஆண்டவரே, இதக் கைவிட்டிராதேயும்! அவளுக்கு வேற ஆளில்ல, ஆண்டவரே!"

பொன்னையா அண்ணன். ஜெபக்கூட்டத்தில் சொன்ன ஆமெனைவிடப் பெரிய சத்தமாக, மாட்டாஸ்பத்திரிக்குள், ஒரு நாயின் நாக்கைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் அதன் மார்பை அழுத்தி அழுத்தி விட்டாராம். சற்று நேரத்தில் மூச்சு திரும்பியது.

முடிந்தபின் உள்ளே கூப்பிட்டார்கள். இமை இரண்டையும் சேர்த்துத் தைத்து, தலையில் கட்டுப் போட்டிருந்தது. தட்டத்தில் கண்ணும், அதன் பின்னால் நரம்போடு ஒட்டி வெள்ளையாகக் கொட்டைப்பாக்கு அளவில் அந்தக் கட்டியும் இருந்தன. "முழுவதும் வந்திருக்கு என்று நினைக்கிறேன். திரும்ப வந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது," என்றார் டாக்டர். அண்ணனின் சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல், "தண்ணி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வருகிற வழியில் சொன்னார்: "நான் யாருட்டயும் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்."

அடுத்த ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் மலர்ந்த முகத்தோடு, "நம்ம ஞானம்மாளுக்குக் கர்த்தர் கண்ணைத் தந்திருக்கார், ஸ்தோத்திரம் சொல்லுவோம்," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன்.

"எனக்கில்ல. எனக்க நாயிக்கு."

ஒரு பெண்பிள்ளை முதலில் சிரித்தது. பிறகு வீடே சிரித்தது.

"அப்போ நான் ஒனக்க கண்ணுல உட்ட பாலு?" என்று அன்னப்பழம் அக்கா கேட்டார்.

"அது நல்ல கண்ணு, அக்கா."

இன்னும் சிரித்தார்கள். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "எங்க பிடி அரிசி?"

"கஞ்சி வச்சேன். நானும் குடிச்சேன். அதுக்கும் குடுத்தேன்."

சிரிப்பு நின்றது. ஏசுவடியாள் தன் மடியிலிருந்த பிள்ளையை இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உபதேசியார்தான் கடைசியில் பேசினார். "வாய் தெறந்து சொல்ல வச்சிருக்கணும். கை வச்சா போதும்ணு சொன்னது நானல்லோ." பிறகு ஜெபித்தார். அரிசியைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு அக்கா, "கர்த்தருக்குக் குடுத்தத திரும்ப எடுத்து எந்தப் பானையில போட? போ ஏட்டி," என்றார். கோபம் குறையாமல்தான் சொன்னார். மறுநாள் டீச்சரம்மா தலையணையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

சில மாதம் கழித்து ஏசுவடியாள் என் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய ஆட்டுக்குத் தாடை வீங்கியிருந்தது. "அந்த டாக்டரு ஆட்டையும் தொடுவாரா அக்கா? எனக்கு அங்கெல்லாம் பேசத் தெரியாது," என்றாள். நான் அவளோடு போனேன். டாக்டரிடம் நானே பேசினேன். எத்தனை நாளாய் வீக்கம், தின்கிறதா, வாய் திறந்தால் கத்துகிறதா என்று அவர் கேட்கும்முன்பே சொன்னேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். அதன் பிறகு இன்னும் பலரோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்.

அன்று திரும்பும்போது ஏசுவடியாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அரிசி அண்ணைக்கே தீந்துபோச்சு அக்கா, அத விடு," என்றாள். "எனக்க பிள்ளைக ரெண்டும் ஒனக்க கண்ணுக்காக முட்டுகுத்தி ஜெபிச்சிதுக. நாயிண்ணு சொல்லியிருந்தியாண்ணா இன்னும் கூட ஜெபிச்சிருக்கும்."

செவலைக்குக் கட்டி திரும்ப வரவில்லை. ஒற்றைக் கண்ணோடு மூன்று வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்து, வயதாகிச் செத்தது. பொன்னையா அண்ணன்தான் குழி வெட்டித் தந்தார்.

சகோதரிகளே, சகோதரர்களே, எல்லாரும் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். யாருடைய கண் என்று கர்த்தருக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டபடி அந்தக் கண்ணை அவர் தரவில்லை, உயிரைத் தந்தார். அடிக்க நின்ற கையையே பிடித்துக்கொள்ள வைத்தார். இதற்கு நான் பாத்திரவாளா, எனக்கு என்ன தகுதி? ஒன்றுமில்லை. சொல்லக் கூசுகிற காரியம் உங்களில் யாருக்காவது இருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பெயர் சொல்லி அவரிடம் கேளுங்கள். உங்களுக்காக முழங்காலில் நிற்கிறவர்களிடமும் சொல்லுங்கள். வெட்கம் போன பிறகு கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு இன்னும் போகவில்லை.